வாரம் ஒரு செடி வரைவோம்



கணக்கு எழுதுவது, தீர்மானம் போடுவது, வங்கிக் கடன் வாங்குவது, மண்புழு உரம் தயாரிப்பது என்று குழுவில் நாம் பல பாடம் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. நம்ம வீட்டைச் சுத்தி இருக்கிற ஒரு செடியை உட்கார்ந்து பார்த்து, வாட்டர் கலரில் வரைவது எப்படி என்பதுதான் பாடம்.

"என்னக்கா இது, எங்களைத் திரும்பவும் ஒண்ணாங் கிளாசுக்கு அனுப்புறீங்களா?" என்று சிலர் சிரிப்பீர்கள். "இதுக்கு லோன் உண்டா? வருமானம் வருமா?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதைக் கற்றுக்கொண்டால் உடனே காசு வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது வேற ஒரு சேமிப்பு.

குழுவில் சேர்ந்த பிறகு நாம் கையெழுத்துப் போடப் பழகினோம். பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசப் பழகினோம். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் எனக்கென்று வைத்துக்கொண்டேன் என்று நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? அந்த ஒரு மணி நேரத்தை எதில் செலவு பண்ணுவது என்று யோசித்தால், டிவி சீரியல்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. செலவு அதிகம் இல்லாத, வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய இன்னொரு வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எனக்கு வரைய வராதே!

இதுதான் முதலில் வரும் பதில். ஆனால் இதைச் சொல்கிறவர் காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்? வாசல் தெளித்து, 15 புள்ளி வைத்து, ஊடுபுள்ளி 8 வரை வந்து, கை எடுக்காமல் கோலம் போடுகிறார். சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் தப்பும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்கேல் கிடையாது, காம்பஸ் கிடையாது. இரண்டு விரலுக்கு நடுவே விழும் மாவுதான் பேனா. இப்படிப்பட்ட கைக்கு வரைய வராது என்றால் யார் நம்புவார்கள்?

நம் கைக்குப் பழக்கம் இருக்கிறது. கண்ணுக்குத்தான் புதுப் பழக்கம் வேண்டும். கோலத்தை மனசில் இருந்து போடுகிறோம். செடியைப் பார்த்து வரைய வேண்டும். இந்த வித்தியாசம் புரிய ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு தாளில் முருங்கைக் கீரையின் ஒரு ஈர்க்கை ஞாபகத்தில் இருந்து வரையுங்கள். வரைந்து முடித்த பிறகு, மரத்தில் இருந்து ஒரு கிளையை ஒடித்து நடுவில் வையுங்கள். பெரிய காம்பில் சின்ன ஈர்க்கு எப்படிப் பிரிகிறது? அதில் இலைகள் ஜோடி ஜோடியாக வருகிறதா, மாறி மாறி வருகிறதா? நுனியில் இருப்பது ஒத்தை இலையா, ரெட்டை இலையா? எத்தனையோ வருஷமாக நாம் உருவி உருவிச் சமைத்த கீரை. ஆனால் அதை நாம் பார்த்ததே இல்லை என்பது அப்போது தெரியும்.

இதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. உருவுகிற அவசரத்தில் யாரும் இலையைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்று உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

கடனை அடைத்த தூரிகை

செடி வரைவது பொழுதுபோக்கு மட்டும்தானா? 280 வருஷத்துக்கு முன்னால் லண்டன் நகரத்தில் நடந்த ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் எலிசபெத் பிளாக்வெல். கணவர் அலெக்சாண்டர் அச்சகம் வைத்து நடத்தி, கடனில் மூழ்கிப்போனார். அந்தக் காலத்தில் கடன் கட்ட முடியாதவர்களைப் பிடித்து அதற்கென்றே இருந்த சிறையில் போட்டுவிடுவார்கள். அவரையும் போட்டார்கள். குடும்பத்தையும் காப்பாற்றி, கணவரையும் மீட்க வேண்டிய பொறுப்பு எலிசபெத் தலையில் விழுந்தது.

அவருக்குப் படம் வரையத் தெரியும். மருத்துவர்களுக்கும் மருந்துக்காரர்களுக்கும் மூலிகைகளைச் சரியாகக் காட்டும் ஒரு நல்ல படப் புத்தகம் வேண்டியிருந்ததை அவர் தெரிந்துகொண்டார். லண்டனில் செல்சி என்ற இடத்தில் மருந்துக்காரர்கள் சங்கம் 1673-ல் உண்டாக்கிய ஒரு மூலிகைத் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துக்கொண்டார். செடியை நேரில் பார்த்து வரைந்தார். வரைந்த படத்தைச் சிறையில் இருந்த கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் மருத்துவம் அறிந்தவர், செடிகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தார். பிறகு எலிசபெத்தே படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அச்சான தாளுக்குத் தன் கையாலேயே வண்ணம் தீட்டினார். வழக்கமாக வரைய ஒருவர், செதுக்க ஒருவர், வண்ணம் தீட்ட ஒருவர் என்று ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. மூன்றையும் ஒரே பெண் செய்தார்.

எவ்வளவு செய்தார் தெரியுமா? வாரம் 4 படம். 125 வாரம். மொத்தம் 500 செடிகள். 1737-ல் தொடங்கி 1739-ல் முடித்தார். நாம் தினமும் ரசத்துக்குக் கரைக்கிற தக்காளியும் அந்த 500-ல் ஒன்று. படம் விற்ற பணத்தில் கணவரைச் சிறையில் இருந்து மீட்டார்.

500 படம் என்று மொத்தமாகக் கேட்டால் நமக்கு மலைப்பாக இருக்கும். வாரம் 4 என்று பிரித்துப் பார்த்தால் புரியும். நம்ம வாரச் சேமிப்பும் இப்படித்தானே சேர்ந்தது?

கதை இதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. கணவர் பிறகு சுவீடன் நாட்டுக்குப் போனார். அங்கே அரசியல் சதி வழக்கில் சிக்கி 1747-ல் மரண தண்டனைக்கு ஆளானார். எலிசபெத் 1758-ல் காலமானார். இன்னொன்றும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண் சம்பாதித்த பணம் கணவனுக்கே சொந்தம். மனைவி உழைத்துச் சம்பாதித்தது மனைவிக்கே என்று சொல்லும் சட்டம் அங்கே 1870-ல்தான் வந்தது. தன் பெயரில் ஒரு பாஸ்புக் வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். எலிசபெத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனாலும் அந்த 500 படமும் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கின்றன. செல்சித் தோட்டமும் இன்றைக்கும் இருக்கிறது.

நம்ம பக்கத்துக் கைகள்

இது வெள்ளைக்காரர்கள் கலை என்று நினைக்க வேண்டாம். 1800-களில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி டாக்டர் இருந்தார். தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் போட்டார். ஒரு புத்தக வரிசையில் மட்டும் 2,000-க்கு மேல் படங்கள். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம் ஊர் ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் செடி இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் வைத்தார். பூவின் ஒரு சின்ன நரம்பைக்கூட விடாமல் பார்த்து வரைந்த கைகள் நம் மண்ணிலும் இருந்திருக்கின்றன.

என்னென்ன வேண்டும்?

பெரிய செலவு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்டேஷனரி கடையில் விற்கும் 12 கலர் வாட்டர் கலர் டப்பா ஒன்று போதும். வில்லை வில்லையாக இருக்கும். அதோடு:

1. பிரஷ் இரண்டு. 2-ம் நம்பர் ஒன்று (மெல்லிய கோட்டுக்கு), 6-ம் நம்பர் ஒன்று (பரப்புவதற்கு). நனைத்தால் நுனி கூராக நிற்க வேண்டும்.

2. கெட்டியான டிராயிங் தாள். சாதா நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கி ஓட்டை விழும். டவுனுக்குப் போனால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் தாள் கேட்டு வாங்கலாம். ஒரு பெரிய தாளை நாலாக வெட்டிக்கொண்டால் நாலு வாரத்துக்கு ஆச்சு.

3. பென்சில், ரப்பர்.

4. தண்ணீர் வைக்க இரண்டு டம்ளர். ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று சுத்தமாக வண்ணம் கலக்க.

5. வண்ணம் கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. எவர்சில்வர் தட்டில் நிறம் சரியாகத் தெரியாது.

6. ஒரு பழைய பருத்தித் துணி.

ஒருத்தர் தனியாக வாங்க முடியாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்குங்கள். பிரஷை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். கலர் கழுவிய டம்ளரைக் குடிக்கிற டம்ளரோடு சேர்க்க வேண்டாம்.

தண்ணீரின் குணம் நாலு

வாட்டர் கலரில் பாதி வேலை தண்ணீருடையது. அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போகும்.

ஒன்று: வெளிச்சமான இடத்துக்கு வெள்ளைக் கலர் பூச வேண்டாம். தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டால் அதுவே வெளிச்சம்.

இரண்டு: முதலில் வெளிர், பிறகு அழுத்தம். அழுத்தமாகப் பூசிவிட்டால் திரும்ப வெளிராக்குவது கஷ்டம். சமையலில் உப்பு போடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும்.

மூன்று: முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது பூச்சு. ஈரத்தில் தொட்டால் வண்ணம் ஓடிப் பரவும். மெத்தென்ற நிழல் வேண்டும் என்றால் மட்டும் வேண்டுமென்றே ஈரத்தில் தொடுங்கள்.

நாலு: டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து நீங்களே பச்சை உண்டாக்குங்கள். மஞ்சள் கூடினால் தளிர்ப் பச்சை. நீலம் கூடினால் கரும்பச்சை. அதில் துளி சிவப்பு சேர்த்தால் முத்தின இலையின் மங்கின பச்சை வரும். ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டுப் பத்துப் பச்சை கலந்து பாருங்கள். பிறகு வெளியே வந்து வேப்பமரத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் எத்தனை பச்சை இருக்கிறது என்று எண்ணத் தோன்றும்.

நாலு வாரப் பாடம்

முதல் வாரம்: பூவரசு இலை

சின்ன வயதில் நாம் சுருட்டி பீப்பீ ஊதின இலைதான். ஒரே ஒரு இலையை எடுத்துத் தாளின் பக்கத்தில் வையுங்கள். உடனே பென்சிலை எடுக்க வேண்டாம். பத்து நிமிஷம் பாருங்கள். காம்பு இலையை எங்கே தொடுகிறது? அங்கிருந்து எத்தனை நரம்பு கிளம்புகிறது? இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா?

ஒரு நூலை வைத்து இலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அதே அளவுக்குத் தாளில் லேசாகக் குறி வையுங்கள். பிறகு ஓரத்தை வரையுங்கள். முழுவதும் வெளிர் மஞ்சள் பச்சை பூசிக் காயவிடுங்கள். காய்ந்ததும் நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு, இடையில் உள்ள இடங்களுக்கு அழுத்தப் பச்சை பூசுங்கள். நரம்பு தானாக வெளிரித் தெரியும். நரம்பை நாம் வரையவே இல்லை, சுற்றி இருப்பதைத்தான் வரைந்தோம். முதல் வாரத்தில் இந்த ஒன்றைப் பழகினால் போதும்.

இரண்டாம் வாரம்: துளசிக் கிளை

துளசித் தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். கீழ் ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால், அதற்கு மேல் ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். மேலே இருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரியும். இதனால் மேல் இலையின் நிழல் கீழ் இலையை முழுக்க மறைப்பதில்லை. தும்பைச் செடியைப் பிடுங்கி வந்தும் இதே மாதிரி பாருங்கள். அதன் தண்டும் நாலு பட்டைதான். இரண்டும் ஒரே குடும்பம்.

தினமும் சுற்றி வந்து கும்பிடுகிற செடியில் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருக்கும்.

மூன்றாம் வாரம்: வெண்டைப் பூ

இது நேரத்தோடு செய்கிற வேலை. காலையில் விரிகிற வெண்டைப் பூ அன்றைக்கே சுருங்கிவிடும். ஆகவே காலை வேலையில் அரை மணி நேரம் ஒதுக்கணும். இதழ் அஞ்சு. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, பாய் முடைகிற மாதிரி சுற்றி வரும். நிறம் வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. முதலில் இதழ்களுக்குத் தண்ணீராக மஞ்சள் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே நடுவில் கருஞ்சிவப்பைத் தொட்டுவிடுங்கள். வண்ணம் தானாக வெளியே கசிந்து பூவில் இருப்பது போலவே பரவும்.

வரைந்த பிறகு செம்பருத்தி, பருத்திப் பூ, பூவரசம் பூ எது கிடைத்தாலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அஞ்சு இதழும் நடுவில் ஒரு தூணும் எல்லாவற்றிலும் இருக்கும். நாலும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே குடும்பம். இனி வெண்டைக்காய் நறுக்கும்போது வட்டத்தில் தெரியும் நட்சத்திரத்தையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அஞ்சு முனை இருக்கும்.

தோட்டம் வைத்திருக்கிற சகோதரிகளுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. வெண்டை இலையை வரைந்து பழகினவர் கண்ணுக்கு, நரம்பு மட்டும் மஞ்சளாக மாறத் தொடங்கினால் உடனே தெரியும். அது மஞ்சள் நரம்புத் தேமல் நோயின் ஆரம்பம். வெள்ளை ஈ பரப்புகிற நச்சுயிரி நோய். ஒன்றிரண்டு செடியில் தெரியும்போதே பிடுங்கி அழித்தால் மற்ற செடிகளுக்குப் பரவுவதைக் குறைக்கலாம்.

நாலாம் வாரம்: கீழாநெல்லி

முழுச் செடியை வேரோடு எடுத்து வந்து மண்ணை அலசிவிட்டு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். சின்ன இலைகள் ஈர்க்கின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால் காய்கள் கீழ்ப்பக்கம் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். காய்க்குச் சின்னக் காம்பு இருக்கிறதா, தோல் வழவழப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏனென்றால் இதே மாதிரி இன்னொரு செடியும் வயல் ஓரத்தில் முளைக்கும். அதில் காய்க்குக் காம்பே இருக்காது, தோல் சொரசொரப்பாக இருக்கும். நின்றபடி பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வரைய உட்கார்ந்தால்தான் வேறு வேறு என்று தெரியும்.

எலிசபெத்தின் புத்தகம் மருத்துவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே புரியும். மூலிகை மாறிப்போனால் ஆபத்து. நமக்கும் அதே எச்சரிக்கைதான். படம் வரைந்துவிட்டதால் நாம் வைத்தியர் ஆகிவிட மாட்டோம். மஞ்சள் காமாலை என்று சந்தேகம் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரளி, செங்காந்தள் போன்ற நச்சுச் செடிகளை வரைய ஆசைப்பட்டால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செங்காந்தள் நம்ம மாநிலப் பூ. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாளாக நாளாக நிறம் மாறும். அழகுதான், ஆனால் கிழங்கு கடும் விஷம்.

வரையும்போது நமக்குள் என்ன நடக்கிறது?

வரையும் அந்த நேரத்தில் கண் இலையிலும் கை தாளிலும் இருக்கும். நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை, மாமியார் சொன்ன சொல், பிள்ளையின் மார்க்கு எல்லாம் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும். பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆனால் கொஞ்சம் ஆறின மனசோடு அதற்குத் திரும்பிப் போகலாம்.

இரண்டாவது, காத்திருக்கப் பழகுவோம். முதல் பூச்சு காயாமல் அடுத்ததைத் தொட முடியாது. எதற்கெடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் நமக்கு, சும்மா உட்கார்ந்து காயட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பயிற்சிதான்.

மூன்றாவது, கெட்டுப்போனால் என்ன என்கிற துணிச்சல் வரும். வாட்டர் கலரை ரப்பரால் அழிக்க முடியாது. வண்ணம் ஓடிவிட்டால் ஓடிவிட்டதுதான். அதை நிழலாக மாற்ற முடியுமா என்று யோசிப்போம். முடியாவிட்டால் அடுத்த தாளை எடுப்போம். யாரும் திட்டப்போவதில்லை. தப்பாகப் போய்விடுமோ என்று பயந்து கிராம சபையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற சகோதரிக்கு, தப்பானாலும் பரவாயில்லை என்று பழக ஒரு சின்னத் தாள் நல்ல இடம்.

நாலாவது, புதுசாகச் செய்கிற யோசனை வரும். காஞ்சிபுரம் பட்டுக் கரையில் மல்லிமொக்கு என்று ஒரு டிசைன் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு நெசவாளி மல்லிகை மொட்டை நன்றாகப் பார்த்ததால்தான் அது சேலைக்கு வந்தது. மாங்காய் டிசைனும் அப்படித்தான். நம் குழுக்களில் ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போடுகிறவர்கள், பனை ஓலைப் பெட்டி பின்னுகிறவர்கள், பை தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒரே ரோஜாவைப் போடுகிறோம். நாமே பார்த்து வரைந்த ஆவாரம் பூவோ அவரைக் கொடியோ அதில் வந்தால், அது நம்ம குழுவின் டிசைன். விற்பனை கூடுமா என்பது சந்தையைப் பொறுத்தது. ஆனால் இது என் கையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும்.

"வேலையத்தவ" என்று சொன்னால்?

சொல்வார்கள். திண்ணையில் உட்கார்ந்து பெண் படம் வரைந்தால் போகிற வருகிறவர்கள் ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். குழு ஆரம்பித்த காலத்திலும் "கூட்டம் போட்டு என்ன கிழிக்கப் போறாளுக" என்று சொன்னவர்கள்தானே? பிறகு அவர்களே அவசரத்துக்கு நம் குழுவில் கடன் கேட்டு வந்தார்கள்.

தனியாகச் செய்யச் சங்கடமாக இருந்தால் சேர்ந்து செய்யுங்கள். வாரக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். மீதி அரை மணி நேரம் வீட்டில், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யலாம். அம்மாவும் ஏதோ கற்றுக்கொள்கிறார் என்று பிள்ளை பார்ப்பதும் நல்லதுதான். படத்தை யாரோடும் ஒப்பிட வேண்டாம். போட்டி வைத்துப் பரிசு கொடுக்கவும் வேண்டாம். பரிசு என்று வந்தால் பாதிப் பேர் பிரஷைக் கீழே வைத்துவிடுவார்கள். உங்கள் முதல் வாரப் படத்தையும் நாலாம் வாரப் படத்தையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது போதும்.

ஊர்ச் செடி நோட்டு

நாலு வாரம் முடிந்ததும் குழுவுக்கென்று ஒரு நோட்டு போடலாம். ஒரு படம் ஒட்டி அதன் கீழே இந்த விவரங்களை எழுதுங்கள்:

வரைந்த தேதி. செடி இருந்த இடம் (வரப்பு, குளத்தங்கரை, வேலி). நம்ம ஊரில் சொல்லும் பெயர். பக்கத்து ஊரில் வேறு பெயர் இருந்தால் அதுவும். பூக்கும் மாதம். அதைப் பற்றிச் சொன்ன பெரியவர் யார், அவர் சொன்னது என்ன.

நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த செடிகளில் பாதி நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததில் பாதி நம் பெண்களுக்குத் தெரியாது. ஓடைக்கரையில் இருந்த ஒரு செடி, கரையை வெட்டி ரோடு போட்ட பிறகு பெயரோடு சேர்ந்து மறந்துபோகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பெயரைச் சொல்ல, நடுவயது உறுப்பினர் படம் வரைய, பள்ளிக்கூடம் போகும் பெண் எழுத என்று மூன்று தலைமுறையும் ஒரே பக்கத்தில் வரலாம். தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு மாதிரி இதுவும் குழுவின் சொத்து. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள், மற்றக் குழுக்களும் பார்க்கட்டும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நாம் தினமும் பார்த்தும் கவனிக்காத செடிகள் எவை? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

2. வாரத்தில் நமக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கத் தடையாக இருப்பது எது? வீட்டில் யாரிடம் எந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாம்?

3. எலிசபெத் வரைந்து சம்பாதித்த பணம் சட்டப்படி அவருக்குச் சொந்தமில்லை. இன்றைக்கு நம் சம்பாத்தியம் யார் கையில் இருக்கிறது?

4. நம் ஊரில் செடிகளைப் பற்றி அதிகம் தெரிந்த பாட்டி யார்? எப்போது போய்ப் பார்க்கலாம்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பூவரசு இலை கொண்டு வாருங்கள். மரம் இல்லாத ஊரில் வேறு ஏதாவது அகலமான இலை போதும். தாளும் கலரும் குழு நிதியில் வாங்குவதா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குவதா என்பதை வழக்கம் போல் பேசித் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.